சேஸுக்குள் செம்புழுதி

நோரீன் பாஸ்கோ, தேவாலயத்தைக் கூட்டித் துடைத்துவிட்டு வீடு திரும்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஜனவரிதான் நடுக்கோடை, வெயில் மண்டையைப் பிளந்தது. காலையில் அவசரமாகக் கிளம்பியதில் வாசல் ஜெரேனியங்களுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துபோனது வழியெல்லாம் அவள் மனசை உறுத்திக்கொண்டே வந்தது. இந்நேரம் எல்லாம் துவண்டிருக்கும் என்று நினைத்தபடி கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள். தொட்டி மண் கறுப்பாக நனைந்திருந்தது. இலைகள் ஒவ்வொன்றாக நிமிரத் தொடங்கியிருந்தன.

மழைத்தண்ணீர் சேர்த்து வைத்திருந்த டாங்க் குழாய்க்கு அவள் பூட்டுப் போட்டிருந்தாள். மழையே இல்லாத அந்தக் கோடையில் போர்ட் ட்ரேவனில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். பிறகு யார் ஊற்றினார்கள்?

தைலமரத்து நிழலில் ஒரு வெள்ளை பிக்கப் வண்டி நின்றிருந்தது. அதன் பின்பலகையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கேன் மூடி திறந்து கவிழ்ந்து கிடந்தது. வறண்ட வடக்குப் பக்கம் போய் வருகிறவர்கள் அந்தக் கேன் இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார்கள். குடிக்க வைத்திருக்கும் தண்ணீர் அது. அதன் வாயிலிருந்து கடைசிச் சொட்டு இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

"மிஸஸ் பாஸ்கோவா? நான் மெர்வின் ட்ரெலோர். வண்டியப் பாக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தீங்க. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டேன். மன்னிக்கணும்."

செடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கும் என்னவோ கேட்கத் தோன்றவில்லை. "உள்ள வாங்க, முதல்ல டீ குடிங்க" என்றாள். அவர் குடித்த வேகத்தைப் பார்த்தால் நாக்கு வறண்டு வெகுநேரம் ஆகியிருக்கும் போலிருந்தது.

மெர்வின் ட்ரெலோருக்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பழைய, கரடுமுரடுப் பாதையில் ஓடுகிற வண்டிகளைச் சோதிப்பதுதான் பிழைப்பு. லேண்ட் ரோவர், ஜீப், பழைய ஜப்பான் வண்டி எதுவானாலும் அடியில் படுத்து, தட்டி, முகர்ந்து, அது அசல்தானா, என்ன பெறும் என்று எழுதிக் கொடுப்பார். வாங்குகிறவர் கூப்பிட்டால் வாங்குகிறவருக்காகப் போவார், விற்கிறவர் கூப்பிட்டால் அவருக்காக. எழுதுவது மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருக்கும். இளவயதில் அடிலெய்டு துறைமுகத்தில் இறங்குகிற வண்டிகளைப் பார்க்கிற வேலையில் இருந்தவர். மனைவி கர்த்தரிடம் போய்ப் பல வருஷம். பிள்ளைகள் இல்லை. வீடு மாதிரி குடியிருக்கிற கேரவன் ஒன்றை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், வேலை இருக்கும்வரை அங்கே தங்கிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் தானாகவே உண்டாகியிருந்தது. அவர் போய் இறங்கியதும் எந்த வீட்டிலும் டீ கொடுப்பார்கள். கேக் கொடுப்பார்கள். வண்டியின் அடியிலிருந்து அவர் எழுந்து வந்த பிறகு யாரும் எதுவும் கொடுப்பதில்லை. தாத்தா காலத்துப் போர்முனை ஜீப் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு கோதுமைப் பண்ணைக்காரரிடம், இது போர் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு செய்தது என்று அடியில் படுத்தபடியே சொன்னாராம். அந்த மனிதர் ஷெட்டின் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். மெர்வின் இருட்டில் தவழ்ந்து வெளியே வந்தார். தன்னைப் பற்றி இவ்வளவையும் அவர் அன்றே சொல்லிவிடவில்லை. பின்னால் நோரீனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

அன்றைக்கு அவருக்கு முன்னால் இருந்தது நோரீனின் கணவர் கிளெம் விட்டுப்போன வண்டி. இலைப்பச்சை நிறத்தில் ஒரு பழைய லேண்ட் ரோவர், முதன்முதலாக வந்த மாடல்களில் ஒன்று. இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பால் பண்ணையில் ஓடிக்கொண்டிருந்தது. செம்புச் சுரங்கத்தில் வேலை செய்யக் கிளெமின் முப்பாட்டனார் எந்த ஊரைவிட்டு இங்கே கப்பல் ஏறினாரோ, அதே ஊர்ப் பண்ணை. அது விலைக்கு வருவதைக் கேள்விப்பட்டதும் கிளெம் இருந்த சேமிப்பையெல்லாம் போட்டு அதை வரவழைத்துவிட்டார். வந்தபோது அதைப் பார்த்து ஊரே சிரித்தது. வருஷக்கணக்காக ஷெட்டிலேயே குடியிருந்து அதை ஓட வைத்தார். "நம்ம பாட்டன் ஊரு வண்டி" என்று சொல்லிச் சொல்லி, ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் முதல் வண்டியாக ஓட்டிக்கொண்டு போனார். போன வருஷம் குளிர்காலத்தில், மாரடைப்பு வந்து ஷெட் வாசலிலேயே விழுந்து இறந்துபோனார்.

இப்போது ஊர்ச் சரித்திர மண்டபத்துக்காரர்கள் அந்த வண்டியைக் கேட்டிருந்தார்கள். சுரங்கக்காரர்களின் விளக்கு, தொப்பி, குழந்தைகளின் தொட்டில் எல்லாம் இருக்கிற கூடத்தில் நடுவில் வைப்பதாகச் சொன்னார்கள். சுவரில் கிளெமின் பெயர். அசல் என்றும் இன்ன மதிப்பு என்றும் ஒரு சோதனைக்காரர் எழுதிக் கொடுத்தால் போதும், இன்ஷூரன்ஸுக்கு வேண்டும் என்றார்கள். நோரீனுக்கு மண்டபமும் இன்ஷூரன்ஸும் பெரிதாகத் தெரியவில்லை. அவளுக்கு வேண்டியது அந்தச் சுவரில் அந்தப் பெயர். கிளெமுக்கு மகன் இல்லை, பெயர் சொல்ல வேறு ஆளும் இல்லை.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் மெர்வின் வண்டியைத் தொடவில்லை. சற்று நேரம் சும்மா நின்று பார்த்தார். பிறகு ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து அதன் உடம்பெங்கும் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. அலுமினியத் தகடு, அப்படித்தான் இருக்க வேண்டும். கதவு மடிப்பில் பெயிண்ட்டை நகத்தால் சுரண்டி அடியில் இருந்த பழைய பச்சையைப் பார்த்து, "ம்" என்றார். எஞ்சினைப் பார்த்து இன்னொரு "ம்".

பக்கத்து வீட்டுக் கெவ் ஹாக்கிங் வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான். கிளெமின் கூட்டாளி. ஊரெல்லாம் குழாய் வேலை பார்த்து ஓய்ந்தவன். வாய் மட்டும் ஓயவில்லை.

"நோரீன்! பொணம் அறுக்குற டாக்டர் வந்துட்டாரா? நாடி இருக்குதாமா?"

"சும்மா இரு கெவ்."

"டாக்டர், பாத்து அறுங்க. சாகாத ஆளையும் நீங்க செத்துட்டான்னு எழுதிடுவீங்கன்னு கேள்விப்பட்டேன்!"

"இன்னும் மூச்சு இருக்கு" என்றார் மெர்வின், திரும்பிப் பார்க்காமலே. நோரீனுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிதருக்குச் சிரிக்கவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் ஒரு கோணியை விரித்து அடியில் போய்ப் படுத்தார். டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் நகர்ந்தது. முன்பக்கத்து இரும்பில், வண்டியின் அடையாள எண் அடித்த இடத்தில் வெளிச்சம் நின்றுவிட்டது. அங்கிருந்து நகரவே இல்லை. நோரீன் கைகளைக் கோத்துக்கொண்டு மனசுக்குள் சின்னதாக ஒரு ஜெபம் செய்தாள். எதற்காக என்று அவளுக்கே தெரியவில்லை.

மெர்வின் ஒரு நீளக் கம்பியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றினார். வண்டிக்கு முதுகெலும்பு மாதிரி அடியில் ஓடுகிற சேஸ் இரும்பு, பெட்டி போல உள்ளே குடைவாக இருக்கும். அதன் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் துழாவி வெளியே இழுத்தார். துணி செக்கச்செவேல் என்று வந்தது.

எழுந்து உட்கார்ந்து அந்தத் துணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். தலையில் ஒட்டடை ஒட்டியிருந்ததைக்கூடத் தட்டவில்லை.

"மிஸஸ் பாஸ்கோ, கொஞ்சம் உக்காருறீங்களா?"

"நின்னுக்கறேன். சொல்லுங்க."

"மேல் உடம்பு, எஞ்சின், கியர் எல்லாம் அசல். இங்கிலாந்துல இருந்து வந்ததுதான், சந்தேகமே இல்ல. சேஸ் மட்டும் அதோடது இல்ல."

"புரியல."

"இது வடக்குச் செம்புழுதி. ஆட்டுப் பண்ணைங்க இருக்கற பக்கம். கப்பல்ல வர்ற வண்டியில ஒரு சிட்டிகை மண்ணு இருந்தாலும் துறைமுகத்துல எறக்க விடமாட்டாங்க. நீராவி அடிச்சு உள்ளயும் வெளியயும் கழுவின பெறகுதான் விடுவாங்க. நான் அங்கயே நின்னு பாத்தவன். அப்படி வந்த சேஸுக்குள்ள இந்தப் புழுதி வர வழியே இல்ல. நம்ம ஊர் மண்ணும் வெள்ளை. இந்த இரும்பு கார்ன்வால் மழையைப் பாத்ததே இல்லைங்க."

"ஆனா நம்பர் சரியா இருக்குதே? கப்பல் காகிதத்துல உள்ள அதே நம்பர்."

"அதே நம்பர்தான். ஆனா பின்னால அடிச்சது. கம்பெனியில அடிக்கிற நம்பர் கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும், வேலை செய்யறவன் அவசரத்துல அடிக்கறது. இது அளவுகோல் வெச்சு அடிச்ச மாதிரி நேரா இருக்கு."

கிளெம் சுவரில் படம் மாட்டினாலும் அளவுகோல் வைத்துத்தான் மாட்டுவார்.

"அப்போ என் புருஷன் ஏமாந்துட்டாரா?" என்றாள். "இல்ல, ஏமாத்திட்டாரா?"

மெர்வின் துணியை மடித்தார். "அது எனக்குத் தெரியாதுங்க. இரும்பு அதைச் சொல்லாது. நான் பாத்ததை எழுதணும். மதிப்பு பாதிக்கு மேல கொறையும். அசல்னு என்னால எழுத முடியாது."

"சரி" என்றாள் நோரீன். வீட்டுக்குள் போனாள். சமையலறையில் கெட்டில் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எடுக்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் தைலமரத்தடியில் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, காகிதத்தில் சுற்றிய ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்ததும் தலை குனிந்து, கண் மூடி, உதடு அசைத்தார். யாரும் இல்லாத அந்தச் சாலையோரத்தில் தன் ஒரு ரொட்டிக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். தின்று முடித்ததும் கேனை எடுத்து வாயில் சாய்த்தார். அது காலி என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது போலிருந்தது. மூடியைத் திருகி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நோரீன் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

சாயங்காலம் கெவ் வந்து கதவைத் தட்டினான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் சிவந்தது, வெட்கத்தினால் அல்ல, கோபத்தினால்.

"அசல் இல்லையாமா? அந்தாளு என்ன பேசறான்! நானும் கிளெமும் சேந்துதான் மாத்தினோம்!"

"என்ன மாத்தினீங்க?"

"சேஸத்தான். வந்தப்ப அது எப்படி இருந்துச்சுன்னு நீ பாக்கலையே. உப்புக் காத்துல பிஸ்கட்டு மாதிரி ஆயிருந்துச்சு, நோரீன். சுத்தியலால தட்டுனா உதிருது. கிளெம் அழுதே போயிட்டான். வடக்க ஒரு ஆட்டுப் பண்ணையில அதே வருஷத்து வண்டி ஒண்ணு குப்பையில கெடந்துச்சு. அங்க மழை ஏது? துரு ஏது? சேஸு மணி மாதிரி இருந்துச்சு. ட்ரெய்லர்ல போட்டுக் கொண்டாந்து உடம்பத் தூக்கி மேல வெச்சோம். ரெண்டு பேருக்கும் முதுகு பிடிச்சுக்கிச்சு. நீகூட ஒத்தடம் குடுத்தியே, ஞாபகமில்ல?"

ஞாபகம் இருந்தது. தோட்ட வேலையால் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். பழைய சேஸ் எங்கே என்று கேட்டாள். அந்த மாதமே பழைய இரும்புக்காரன் வாரிக்கொண்டு போய்விட்டானாம்.

"அப்போ நம்பர்?"

"நாங்கதான் அடிச்சோம்! பின்ன? நம்பருங்கறது வண்டியோட பேரு. உனக்கு இடுப்பெலும்பு மாத்தினாங்களே ஆஸ்பத்திரியில, அப்ப உன் பேரையும் மாத்தினாங்களா? நோரீன் பாஸ்கோ நோரீன் பாஸ்கோதானே?"

நோரீன் சிரித்துவிட்டாள், சிரிக்கும்போதே கண்ணீரும் வந்தது. கெவ் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பண்ணை நாட்டில் எந்த வண்டிதான் பிறந்த இரும்போடு சாகிறது? ஒன்றின் கதவை இன்னொன்றுக்கு மாட்டி, செத்ததைக் கொண்டு கெட்டதை எழுப்பித்தான் எல்லாரும் காலம் தள்ளுகிறார்கள். கிளெம் யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் வேற்று இரும்பில் பழைய நம்பரை அடிப்பது திருடர்கள் செய்கிற வேலை என்று வெளியே உள்ள உலகம் எண்ணும் என்பது அந்த இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"அந்த ஆளுகிட்ட போ" என்றான் கெவ். "சேஸ் மாத்தினதுன்னு வேணா எழுதட்டும். நம்பர் பின்னால அடிச்சதுங்கற அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடச் சொல்லு. அந்த வரி இருந்தா மண்டபத்துக்காரங்க கிளெமைத் திருடன்னுதான் நெனப்பாங்க. ஒரு வரிதானே. யாருக்கு என்ன நஷ்டம்?"

அன்றிரவு நோரீன் வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வசனம்கூடப் படிக்காமல் மூடிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் பேஸ்டி சுட்டாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்து, விளிம்பைக் கிள்ளிக் கிள்ளி ஒட்டினாள். இரண்டைத் துணியில் சுற்றினாள். ஜெரேனியத்தில் ஒரு கிளையை ஒடித்து, காலி டின்னில் மண் போட்டு நட்டு அதையும் எடுத்துக்கொண்டாள். எதற்கு எடுத்துக்கொண்டாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கேட்கப் போகிற காரியத்துக்கு வெறுங்கையோடு போகக் கூசியது.

கடல் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த கேரவன் பார்க்கில், கடைசி மூலையில் அவருடைய கேரவன் நின்றது. வெளியே ஒரு மடக்கு மேஜை. ஒரே ஒரு நாற்காலி. மேஜை மேல் ஒரே ஒரு கப். பக்கத்துக் கேரவன்களில் குழந்தைகள் கத்தின, இறைச்சி வாட்டுகிற புகை வந்தது. இவருடைய இடத்தைச் சுற்றி மட்டும் யாரோ கோடு போட்டுவிட்ட மாதிரி அமைதி.

அவளைக் கண்டதும் அவர் பதறி எழுந்தார். நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டுவிட்டுத் தான் கேரவன் படியில் உட்கார்ந்தார். இருந்த ஒரு கப்பில் அவளுக்கு டீ ஊற்றினார். தனக்கு பிளாஸ்கின் மூடியில் ஊற்றிக்கொண்டார்.

"வேற கப்பு வாங்கணும்னு நெனைப்பேன்" என்றார். "தேவைப்பட்டதில்ல."

நோரீன் கெவ் சொன்னதையெல்லாம் சொன்னாள். இடுப்பெலும்புக் கதையையும் விடவில்லை. அவர் சிரித்தார். கடைசியில் அவள் கப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஒரு வரிய மட்டும் விட்டுட முடியுமா, மிஸ்டர் ட்ரெலோர்? நம்பர் பத்தின வரி. நான் சாகறதுக்குள்ள அவர் பேரை அங்க பாக்கணும். கெட்ட பேரா பாக்க வேண்டாம்."

கடல்பறவை ஒன்று மேஜை ஓரத்தில் வந்து உட்கார்ந்து பேஸ்டியைப் பார்த்துவிட்டுப் பறந்தது.

"முடியாதுங்க" என்றார் மெதுவாக. "கோபப்படாதீங்க. என் கையெழுத்து போட்ட காகிதத்த வெச்சுக்கிட்டு முகம் தெரியாத யாரோ நம்பறாங்க. அந்த முகத்தை நான் பாக்கப் போறதில்ல. அதனாலயே பயமா இருக்கு."

நோரீன் தலையை ஆட்டினாள். அந்தப் பதில்தான் வரும் என்று வரும்போதே தெரியும். எழுந்திருக்கப் போனாள்.

"இருங்க. ஒரு வரிய விட முடியாது. ஆனா ஒரு வரி சேத்து எழுத முடியும்."

படியிலிருந்து எழுந்து உள்ளே போய் அந்தத் துணியை எடுத்து வந்தார். மடிப்பைப் பிரித்து மேஜை மேல் வைத்தார். சிவப்புப் புழுதி வெயிலில் கொஞ்சம் மின்னியது.

"நேத்து நீங்க கேட்டீங்க, ஏமாத்தினாரான்னு. இரும்பு சொல்லாதுன்னு சொல்லிட்டேன். ராத்திரி பூரா அதுதான் மனசுல ஓடுச்சு. தப்பா சொல்லிட்டேன். இரும்பு சொல்லாது, புழுதி சொல்லுது."

"என்ன சொல்லுது?"

"திருட்டு வண்டிய மாத்தறவங்களை நான் நெறைய பாத்திருக்கேன். அவங்க மொதல் வேலையா சேஸ உள்ள வெளிய கழுவுவாங்க. பழைய ஊரு மண்ணு ஒரு துளி வெக்க மாட்டாங்க. நம்பரக் கோணலா அடிப்பாங்க, கம்பெனி அடிச்ச மாதிரி. அடிச்ச பெறகு அமிலம் தடவித் துரு ஏத்துவாங்க. உங்க வீட்டுக்காரர் வெளிப்பக்கத்தைத் தேச்சு அழகா பெயிண்ட் அடிச்சிருக்காரு. உள்ள இருந்த புழுதியத் தொடவே இல்ல. நம்பர அளவுகோல் வெச்சு நேரா அடிச்சிருக்காரு. ஒளிக்கணும்னு நெனச்ச கை இப்படி வேலை செய்யாது, மிஸஸ் பாஸ்கோ. அவருக்கு ஒளிக்க ஒண்ணுமே இல்ல."

நோரீன் துணியைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. கிளெமின் சட்டைக் காலரில், முதுகு பிடித்துக்கொண்ட அந்த மாதம் முழுக்க இந்த நிறம் இருந்தது, துவைத்தும் போகவில்லை. அப்போதே கேட்டிருக்கலாம்.

"அதை எழுதுவீங்களா?"

"பாத்ததை எழுதறதுதானே என் வேலை. இதுவும் பாத்ததுதான். மிஸ்டர் ஹாக்கிங்கும் வந்து அவர் வாயால சொல்லட்டும். அவர் சொன்னதுன்னு அதையும் எழுதறேன். அசல்னு வராது. மதிப்பும் கூடாது."

"கூட வேண்டாம்" என்றாள் நோரீன்.

அன்று சாயங்காலமே கெவ் கேரவனுக்கு வந்தான். முதலில் முறைத்துக்கொண்டு நின்றான். "இந்தாப்பா மெர்வ், எழுதிக்கோ. சேஸு நாங்க மாத்தினோம், நம்பர் நாங்க அடிச்சோம், முதுகு எங்களுக்குத்தான் போச்சு. அதையும் எழுது" என்றான்.

"முதுகுக்கு வரி கெடையாது" என்றார் மெர்வின்.

"அதானே பாத்தேன். உண்மைய எழுதறவன்னு பேரு, முக்கியமானதை விட்டுடுவான்."

மண்டபத்துக்காரர்கள் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் யோசித்தார்கள். அந்த இரண்டு வாரமும் நோரீன் கடைக்குப் போனால்கூடத் தலை நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. பிறகு ஆள் அனுப்பினார்கள். வண்டியை எடுத்துக்கொள்கிறோம், சுவரில் எழுதுவதை மட்டும் மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். 'உடல் கார்ன்வாலில் இருந்து வந்தது. சேஸ் நம் வடக்குப் பக்கத்துப் பண்ணையில் இருந்து வந்தது. இரண்டையும் சேர்த்தவர் கிளெம் பாஸ்கோ, உதவி கெவ் ஹாக்கிங்.' கீழே கண்ணாடிக்குள் மெர்வின் எழுதிய காகிதம். தன் பெயரும் இருப்பதைக் கண்டு கெவ் அந்த மாதம் முழுவதும் மண்டபத்துக்குத் தினம் போய் வந்தான்.

மெர்வின் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஈஸ்டர் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் வராத நாளாகப் பார்த்து, போனில் சொல்லிவிட்டு வந்தார். மண்டபத்துச் சாவியை நோரீன் வாங்கி வைத்திருந்தாள். கூடத்தில் அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கண்ணாடிக்குள் இருந்த தன் எழுத்தைக் குனிந்து படித்தார். கிளெமின் பெயரை உதடசைத்து வாசித்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நல்லா இருக்கு. நான் கெளம்பறேன்" என்று கதவைப் பார்த்து நடந்தார். வேலை முடிந்தால் கிளம்பிவிட வேண்டும் என்பது அவர் கால்களுக்கே பழகியிருந்தது.

"எங்க போறீங்க?" என்றாள் நோரீன். மண்டபத்துச் சமையலறையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கப், இரண்டு தட்டு, நடுவில் பிஸ்கட். அவர் அந்த இரண்டாவது கப்பை யாருக்கோ என்பது போலப் பார்த்தார். "உக்காருங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

தான் டின்னில் கொடுத்த செடி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். புதிதாக இலை விட்டிருக்கிறது என்றார். தன் வாசலில் அவர் ஊற்றிய தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த மனிதர் கூச்சப்படுவார் என்று விட்டுவிட்டாள்.

அந்த வருஷம் குளிர்காலம் முடிவதற்குள் வடக்கே ஒரு கேரவன் பார்க்கிலிருந்து நோரீனுக்குப் போன் வந்தது. மெர்வின் ட்ரெலோர் தூக்கத்திலேயே போய்விட்டார், சொந்தக்காரர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை, அவர் போனில் இருந்த பெயர்களில் வேலை சம்பந்தமில்லாத பெயராகத் தெரிந்தது உங்கள் பெயர் ஒன்றுதான் என்றார்கள். கெவ்தான் வண்டி ஓட்டினான். வழி முழுக்க அவன் ஒரு கேலியும் பேசவில்லை. கேரவனில் அதே மடக்கு மேஜை, அதே ஒற்றை நாற்காலி. ஜன்னலோரம் டின்னில் ஜெரேனியம் பூத்திருந்தது, மண் காயாமல் இருந்தது. அலமாரியில் கப் இரண்டு இருந்தன. ஒன்று புதிது, அடியில் கடைக்காரன் ஒட்டிய சீட்டுக்கூட உரிக்கப்படவில்லை. அடக்க ஆராதனையில் போதகரையும் சேர்த்து நான்கு பேர் நின்றார்கள். நோரீன் ஒரு பாட்டுப் பாடினாள். கர்த்தர் அந்த மனிதரைத் தம்முடைய மேஜையில் உட்கார வைத்திருப்பார், தனியாக விட்டிருக்க மாட்டார் என்று அவள் நம்பினாள். இன்றும் நம்புகிறாள்.

ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு முதலில் வருவது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். மண்டப வாசலில் தன் வெள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்துச் சொன்னார்:

"வேலை முடிஞ்ச பெறகு குடிக்கிற டீ இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும், மிஸஸ் பாஸ்கோ."